முற்றத்துப் புல்லும் கொடுத்த வாக்கும்

காசு கொடுத்து வாங்கிய வீட்டின் முன்னால் எந்தச் செடி வளர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? வாங்கியவருக்குத்தான் என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா அத்துணை எளிதாகத் தீர்ந்துவிடுவதில்லை.

அங்கே ஏழு கோடிக்கும் அதிகமான மக்கள் வீட்டுரிமையாளர் சங்கங்களின் ஆளுகைக்கு உட்பட்ட குடியிருப்புகளில் வாழ்கின்றனர். வீட்டை வாங்கும்போதே வாங்குபவர் சங்கத்தின் உறுப்பினராகிவிடுகிறார். சுவரின் வண்ணம், வேலியின் உயரம், முற்றத்துப் புல்லின் ஒழுங்கு ஆகிய யாவற்றுக்கும் விதிகள் உண்டு. மீறுவோர் அபராதம் செலுத்த நேரிடும்.

மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஒரு தம்பதியர் பூச்சிமருந்தைத் தவிர்த்து, அம்மண்ணுக்கே உரிய செடிகளைத் தம் முற்றத்தில் வளர்த்து வந்தனர். வண்டுகளும் பறவைகளும் நாடி வந்தன. அண்டை வீட்டார் ஒருவரோ முகம் சுளித்து முறையிட்டார். செடிகளை அகற்றிப் புல்தரை ஆக்குமாறு 2017இல் சங்கத்தின் சார்பில் கடிதம் வந்தது. தம்பதியர் பணியவில்லை, வழக்குத் தொடுத்தனர். 2020இல் சிறு மாற்றங்களோடு தோட்டம் நிலைக்கும்படி சமரசம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே, இத்தகைய தோட்டங்களுக்குச் சங்கங்கள் நியாயமற்ற தடை விதிக்கலாகாது என்று மாநிலம் சட்டம் இயற்றியது.

சங்கத்தின் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. விதிகளுக்கு உடன்பட்டுத்தான் அவர்கள் வீடு வாங்கினார்கள். அந்த உடன்பாட்டை நம்பியே அடுத்த வீட்டாரும் தம் சேமிப்பை அங்கே முடக்கினார். பயன் தரும் வரை வாக்கைப் போற்றுவதும், இடையூறானதும் உதறுவதும் நேர்மையாகுமா? எல்லோரும் அவ்வாறே நடந்தால் அண்டை வீட்டாருக்கிடையே நம்பிக்கை எங்ஙனம் நிலைக்கும்?

ஆயினும், அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யேன் என்று வாக்களிப்பது வேறு; அவர் கண்ணுக்குப் பிடித்ததை மட்டுமே நடுவேன் என்று வாக்களிப்பது வேறு. சாக்கடையை அவர் வாசலில் திருப்பிவிட்டால் அது தீங்கு. மஞ்சள் பூ ஒன்று முழங்கால் உயரம் வளர்ந்து நிற்பதைத் தீங்கு என்று எவ்வாறு கூறுவது?

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. இருவர் செய்துகொள்ளும் உடன்பாடு அவ்விருவரைத்தான் கட்டும். அதில் கையொப்பமிடாத மூன்றாமவரின் வாழ்வை அவர்கள் விலைபேச முடியாது. புல்தரையின் செய்தியில் அந்த மூன்றாமவர் பலர். 2005இல் வெளியான ஓர் ஆய்வு அந்நாட்டின் புல்தரைப் பரப்பை ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் என மதிப்பிட்டது. நம் தமிழ்நாடு முழுவதுமே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! அங்கே வீடுகளுக்குச் செல்லும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புல்லுக்கும் தோட்டத்துக்குமே செலவாகிறது. மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, நம் எருக்கின் இனத்தைச் சார்ந்த பால்செடிகளின் இலையை அன்றி வேறெதையும் உண்ணாது. அச்செடியைக் களையென்று பிடுங்கி எறிந்தால் அப்புழுவுக்கு உணவேது? ஆற்றின் கீழ்ப்புறத்தே வாழ்வோரும், நாளை பிறக்கவிருக்கும் குழந்தைகளும் எந்தச் சங்கக் கூட்டத்தில் கை உயர்த்தினார்கள்?

இதனால் உரிமை பெற்றவர் கடமையிலிருந்து விடுபட்டார் என்பதன்று. பராமரிக்காமல் விட்ட புதரை மண்ணின் செடி என்று பெயர் சூட்டி மறைப்பது, அண்டை வீட்டாரை ஏமாற்றுவதே ஆகும். மேரிலாந்தின் சட்டமும் உரிமையாளர் தோட்டத்தைத் தவறாது பேண வேண்டும் என்கிறது. தோற்றம் குறித்து நியாயமான நெறிகளை வகுக்கச் சங்கத்துக்கும் இடம் தருகிறது. டெக்சாஸ் 2013இலும் இல்லினாய்ஸ் 2024இலும் இத்தகைய தோட்டங்களுக்குச் சட்டத்தின் காப்பை அளித்தன.

கருவிழிச் சூசன் என்னும் மஞ்சள் பூவே மேரிலாந்தின் மாநில மலர். மாநிலம் தன் அடையாளமாகப் போற்றும் மலரை, வீட்டு முற்றத்தில் முளைத்தால் களை என்று வெறுக்கப் பழகியது மனிதரின் கண்ணே அன்றோ? கொடுத்த வாக்கை நாம் காக்கத்தான் வேண்டும். பிற உயிர்களுக்குரியதைப் பறிக்கும் வாக்கையோ, கொடுப்பதற்கு முன்பே ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும். கொடுத்துவிட்டோம் எனில், அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேசித் திருத்திக்கொள்ள வேண்டும்.