மறதிநோயும் உயிரின் இயல்பும்

கீழ்பென்னாத்தூரில் எமக்கு அணித்தே வாழும் முதுபெருந் தமிழாசிரியர் ஒருவர், எண்பது அகவை கடந்தவர், சென்ற கார்த்திகையில் எம்மைத் தனியே அழைத்து, "ஐயா, எனக்கு மறதி மிகுகின்றது. பதிகம் வருகின்றது, உண்டேனா என்பது வருவதில்லை. பிள்ளைகளிடம் சொல்லற்க" என்றார். அவர் மருமகளோ இதனை முன்னரே அறிந்து, மாமனார் நாணுவரென அஞ்சி அவரிடத்து மறைத்து வருகின்றார். ஒருவர்க்கொருவர் மறைத்து இருவரும் வருந்துகின்றனர்.

'எனக்கு மறக்கின்றது' என அறிந்தது யாது? சித்தமே உயிரெனின், சித்தம் குன்றியவழி அக்குறைவினை உணர்வாரும் இலராதல் வேண்டும். உணர்கின்றாராகலின், உணர்வது சித்தத்தின் வேறென்க. அந்தக்கரணங்கள் அமைச்சரும் உயிர் அரசனும் போலாமென்று சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் நாட்டியதும் இதுவே. 1901-ல் பிராங்பர்ட் நகரத்து மருத்துவமனையில் அல்சைமர் என்னும் மருத்துவர் கண்ட 51 அகவை மாது, தன்னைத் தான் இழந்துவிட்டதாகக் கூறுவாராம். இழந்தேன் என்றவர் இழக்கப்பட்டிலர் அன்றோ! அம்மாதின் நோயே 1906-ல் அம்மருத்துவரால் அவையத்து உரைக்கப்பட்டுப் பின் அவர் பெயரே பெற்றது.

அற்றேல், நோய் முற்றியவழித் தம் மறதியையும் மறப்பாருளரே எனின், சுழுத்தியில் ஒன்றும் அறியாதான் விழித்தெழுதல் கொண்டு, அறியாமை இன்மையன்றென்பது பெறப்படும். மாயாகாரியமாகிய கரணங்கள் ஆணவ இருளில் ஏற்றிய விளக்கு. திரி குன்றுங்கால் விளக்கொளி சுருங்கும், கண் அழிந்ததில்லை.

உணர்வார்க்குத் துயரம் பெரிது. உணராதார்க்கு அது குறையினும், பேணுவார்க்குச் சுமை மிகும். 'என்னைத் தெரிகின்றதா, நான் யார், சொல்லுங்கள்' என உறவினர் வந்துவந்து தேர்வு வைத்தல் கொடிது. பெயரைத் தாமே கூறி அமர்தலன்றோ அறம்?

வேலூரைச் சார்ந்த சிற்றூர்களில் நிகழ்ந்து 2008-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அமெரிக்க மருத்துவர்தம் இலக்கணத்தான் அளந்தபொழுது, 65 அகவை நிரம்பினாருள் நூற்றுக்கு 0.3 பேரே நோயாளராகக் காணப்பட்டனர். பல நாடுகட்கும் பொதுவாக வகுத்த வேறோர் அளவையான் நோக்க, ஆராய்ந்த எந்நாட்டிலும் அது 5.6-க்குக் குறைந்திலது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், வீட்டார் முதியர்தம் குறையைத் தாமே நிரப்பி, அதனைக் குறையென எண்ணாமையே என ஆராய்ந்தோர் கருதுவர். இது நம் நாட்டார்க்குப் பெருமையே. ஆயின் அந்நிரப்புதல் பெரும்பாலும் ஒரு மருமகளின் உறக்கம். 'கன்மம், நுகர்ந்தே தீரவேண்டும்' என்று அவர்க்கு உபதேசித்து அகலும் புலவர் சிலரை யாம் அறிவோம். அவர் ஓரிரவு மாறியிருந்து பார்க்கட்டும். திருமடங்களும் முறைவைத்து இதற்கு ஆளுதவலாம்.

உயிர் அறிவித்தால் அறிவதேயாம் என்பது சித்தாந்தம். நினைவு குன்றாத நமக்கும் அறிவிப்பான் ஒருவன் வேண்டுமாயின், முதியர்க்கு வீட்டார் நினைவூட்டல் இழிவாதல் யாங்ஙனம்? சாக்கிய நாயனார் தாம் கல்லெறிய மறந்ததை உண்ணப் புகுந்தபொழுது உணர்ந்து விரைந்தெழுந்தார். அம்மறதி அவர் அன்பைக் குறைத்திலது.

இவற்றையெல்லாம் ஆசிரியர்க்கு எடுத்துரைத்து, அவர் இசைவுபெற்று மருமகளையும் அழைத்தோம். இப்பொழுது அவர், "உண்டேனா அம்மா?" என வெளிப்பட வினாவுகின்றார். "உண்டீர்கள் மாமா, கீரை" என்பது விடை. மாலையில் பதிகம் ஓதுங்கால் அடி தவறின், அடுக்களையிலிருந்து அவ்வம்மையார் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கின்றார். நாற்பதாண்டு கேட்ட பழக்கம்.