பந்தயத் தடமும் வினையும்

ஸ்பீட்வே பந்தயத்தில் ஓடும் 500 சிசி மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. நான்கு பேர் மண் தடத்தை நான்கு முறை சுற்றுகிறார்கள். வளைவு வந்ததும் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு பொருத்திய இடது பாதணியைத் தரையில் தேய்த்தபடி வீரர் திரும்புகிறார். அவர் விழுந்தால் இயந்திரம் உடனே நிற்க வேண்டும் என்பதற்காக மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஹங்கேரியின் டெப்ரெசென், மிஷ்கோல்ட்ஸ் போன்ற நகரங்களில் இப்பந்தயம் நடந்திருக்கிறது. இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் இதற்கு நெருங்கியது சீகிரிய ரெலி குரொஸ் என்னும் மோட்டார் பந்தயம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே ஒருவர் இத்தகைய பந்தயத்தில் இறங்குவது அறமாகுமா என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது.

விதிப்படி நடக்கும் என்பது வழக்கமான பதில். சைவ சித்தாந்தம் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை. வினையை அது சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. விழுந்து எலும்பு முறிவது பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அசட்டையாக ஓட்டியது இப்பிறவியில் புதிதாகச் சேர்த்த ஆகாமியம். மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படுபவருக்கும் இந்தக் கணக்கில் விலக்கில்லை.

பௌத்தத்தின் விடை இன்னும் கூர்மையானது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படும் அலுவிகாரை மாத்தளை நகருக்கு அருகில்தான் இருக்கிறது. அத்திரிபிடகத்தில் அடங்கிய தம்மபதத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் அப்பமாதம், அதாவது விழிப்புத் தவறாமை பற்றியது. புத்தரின் இறுதி அறிவுரையும் அதுவே. வெற்றி மோகத்தைப் பௌத்தம் ஏற்காது; ஆனால் மணிக்கட்டுக் கயிற்றைச் சரிபார்த்த பிறகே இயந்திரத்தை முடுக்கும் வீரரிடம் அந்த விழிப்பு இருக்கிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை பேதைமை என்று கருதிய வள்ளுவரும் இத்தகைய துணிவைப் பழித்திருக்க மாட்டார்.

கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக வடக்கே போகும் ஏ9 வீதியில் தலைக்கவசமின்றிப் பறக்கும் இளைஞனின் நிலை வேறு. பந்தயத் தடத்தில் ஆபத்தைப் பகிர்பவர்கள் அனைவரும் தெரிந்தே இறங்கியவர்கள். வீதியில் எதிரே வரும் முச்சக்கரவண்டிக்காரரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ அதற்கு இசைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய உயிரைக் கேளாமல் பணயம் வைப்பது வீரமல்ல, பாவம்.