துளைத்தவன் கடமை

பூமியைத் துளைப்பது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. நீருக்காகவும், உலோகத்துக்காகவும், எண்ணெய்க்காகவும் அவன் மண்ணைத் துளைத்து வந்திருக்கிறான். முற்காலத்தில் கடப்பாரையும் கைவலிமையும் செய்த வேலையை இக்காலத்தில் துளையிடும் இயந்திரம் செய்கிறது. தமிழ்நாட்டில் இதனை ‘ரிக்’ என்றே வழங்குவர். இதனால் விளையும் நன்மையை மறுப்பார் இலர். ஆயினும் இதனைப்பற்றிய கேள்வி ஒன்று உண்டு. பொறியியலார் மாத்திரம் விடையளித்து முடித்துவிடக்கூடிய கேள்வியன்று அது. துளையிட்டவனுடைய கடமை எப்பொழுது முடிகிறது? தேடிய பொருள் கைக்கு வந்தபொழுதா? அல்லது திறந்த துவாரம் மூடப்பட்டபொழுதா?

முதலில் பயன்களை நோக்குவோம். அதற்கு வெகுதூரம் போகவேண்டுவதில்லை. இன்று சுபாங் ஜெயா என்று வழங்கும் நகரம், 1976-ம் ஆண்டில் நகரமாகத் திருத்தப்படத் தொடங்கும் வரையில் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். அதனை அடுத்த சன்வே வட்டாரமோ ஈயம் எடுத்த சுரங்க பூமி. இந்நாட்டு ஈய வயல்களில் ‘பாங்கா’ என்னும் துளைக்கருவியை வைத்தே மண்ணைச் சோதித்தனர். குழாயின் தலைமீது பொருத்திய பலகையில் ஆட்கள் சிலர் ஏறி நிற்க, மற்றவர் அதனைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவர். குழாய் சிறிது சிறிதாக மண்ணில் இறங்கும். ஒவ்வோர் ஆழத்திலும் கிடைத்த மண்ணைக் கழுவிப் பார்த்த பின்னரே, அவ்விடத்தை வெட்டலாமா கூடாதா என்று தீர்மானிப்பர்.

இன்று அதே வேலையை மாடிக் கட்டடங்களுக்காகச் செய்கிறோம். கோலாலம்பூரில் 1990-களில் இரட்டைக் கோபுரங்களை எழுப்புமுன் இட்ட சோதனைத் துளைகள், முதலில் குறித்த இடத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை சரிந்து கிடப்பதைக் காட்டின. ஆதலால் கட்டடத்தின் இடத்தையே ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி அமைத்தார்கள். சரவாக்கில் மிரி நகரத்துக் குன்றின்மேல் மரக் கோபுரம் நாட்டித் துளைத்த முதற் கிணறு 1910 டிசம்பர் 22-ல் எண்ணெய் கண்டது. 1972 வரையில் எண்ணெய் தந்தது. சிலி நாட்டில் 2010-ம் ஆண்டு சுரங்கம் இடிந்து 33 தொழிலாளர் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில் சிக்குண்டபொழுது, அவர்கள் உயிரோடிருப்பதை மேலே தெரிவித்தது ஒரு குறுகிய துளை. உணவும் மருந்தும் போனது அதன் வழியே. பின்னர் இட்ட அகன்ற துளையின் வழியே 69 நாட்களுக்குப்பின் அனைவரும் வெளியேறினர்.

நிற்க. அதே 2010-ம் ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் மிதக்கும் துரப்பண மேடை ஏப்ரல் 20-ல் வெடித்துத் தீப்பற்றியது. 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கலந்தது. இவ்விபத்து எப்பொழுது நேர்ந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். துளைக்கும் வேலை முடிந்துவிட்டது, எண்ணெயும் கண்டாயிற்று. கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுப் புறப்படும் தறுவாயில்தான் நேர்ந்தது. அடியில் இட்ட சிமெண்டு தாங்கவில்லை. அழுத்தச் சோதனை காட்டிய அபாயக் குறியைத் தவறாகப் பொருள்கொண்டனர். திறப்பதில் அத்துணைத் திறமை காட்டியவர்கள் மூடுவதில் தவறினர்.

கடலை விட்டு நம் முன்னோர் நாட்டுக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர். அவ்வூர் வண்டிகள் வட இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும்கூடப் போய்ப் பாறையைப் பிளந்து நீர் காட்டுகின்றன. காற்றின் அழுத்தத்தால் சுத்தியலைப்போல் மோதிப் பாறையைப் பொடியாக்கி, அப்பொடியைக் காற்றாலேயே மேலே ஊதித் தள்ளுவது அவ்வியந்திரத்தின் முறை. வறண்ட நிலத்து உழவனுக்கு அது தெய்வம்போல் வந்து நிற்கிறது. ஆனால் அந்நாட்டிலேயே, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபர் 25-ல், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறொன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் வேறொரு துளையிட்டு மீட்பதற்குப் பெரிய ரிக்குகள் வந்தன, கடும்பாறை வழிவிடவில்லை. 29-ம் தேதி குழந்தையின் உடலே கிடைத்தது. ஒரு சாண் அகலமுமில்லாத துவாரம். அதனை மூடுவதற்குச் சில கூடை மண் போதும். கைவிட்ட கிணறுகளை மண்ணும் கல்லுமிட்டுத் தரைமட்டம்வரை நிரப்பவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-லேயே கட்டளையிட்டிருந்தது.

இங்கே குற்றம் யாருடையது? “கேட்ட ஆழம் துளைத்தேன், கூலி பெற்றேன்” என்பான் வண்டிக்காரன். “பணம் கொடுத்தேன், நீர் கிடைக்கவில்லை, நஷ்டம் என்னுடையது” என்பான் நிலத்துக்காரன். இருவருக்குமிடையே கணக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் அவ்வழியே ஓடிவரும் குழந்தை அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையே! துவாரம் எங்கே உளது என்பதை அறிந்தவர்கள் அவ்விருவர்; அறியாதது குழந்தை. அபாயத்தை அறிந்தவன் அவ்வறிவை எடுத்துக்கொண்டு போய்விட, அறியாதவன் அதன் விலையைக் கொடுக்கிறான். ஆகவே கடமை கூலியோடு முடிவதில்லை; அறிவு எவனிடம் உளதோ, அவனிடமே அது தங்கி நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. நீர் கண்ட கிணற்றுக்கு மூடியும் மோட்டாரும் காவலும் அமைகின்றன. நீர் காணாத கிணறே திறந்து கிடக்கிறது. தோல்வியைத் திரும்பிப் பார்க்க மனிதன் விரும்புவதில்லை. அதற்காக மேலும் ஒரு காசு செலவிட மனம் வருவதில்லை. கடன்பட்டுத் துளைத்த ஏழை உழவனை இதற்காகக் கடிந்துகொள்வது எளிது, நியாயமாகாது. மூடும் செலவைத் துளைக்கும் கூலியிலேயே சேர்த்துவிட வேண்டும். மூடாமல் வண்டி புறப்படலாகாது. இதுவே நேர்மையான வழி.

இக்கேள்வி ரிக் வண்டிக்காரனோடு நிற்பதா? தோட்டத்துக் கிராணியாகிய நான் அப்படி நினைக்கவில்லை. வரவை எழுதியவுடன் ஏடு முடிவதில்லை. கொடுக்கவேண்டியது ஒரு சதம் நிலுவையில் இருந்தாலும் கணக்குத் திறந்தே இருக்கிறது. காட்டை வெட்டித் தோட்டத்தைத் திறந்தவர்கள் நம் முன்னோர். அத்தோட்டங்கள் பலவும் இன்று நகரங்களாயின; அந்நகரங்களின் பயனை நாமும் அனுபவிக்கிறோம். ஆனால் தோட்டம் முடிந்தபொழுது, அதனைத் திறந்த கைகளுக்கு உரிய வீடும் தொழிலும் கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டதா? இல்லையெனில் அதுவும் மூடப்படாத ஒரு துவாரமே. அதில் விழுந்து மறைபவர்கள் பிள்ளைகள்.

மரம் வெட்டும் நம் மக்கள் இந்நீதியை நன்கு அறிவர். பட்டையை மாத்திரம் சீவினால் பாலும் வரும், பட்டையும் மறுபடி வளரும். பேராசைகொண்டு கத்தியை மரத்தில் பாய்ச்சினால், அவ்விடம் முண்டு முண்டாகிப் பின்வருபவனுக்குப் பயன்படாது போகும். நல்ல வெட்டுக்காரர் இன்றைய பாலைப் பார்க்கும்பொழுதே நாளைய பட்டையையும் பார்க்கிறார். மண்ணைத் துளைப்போரும், நிலத்தைத் திருத்துவோரும், தொழிலை நடத்துவோரும் அக்கண்ணோடு பார்க்கப் பழகவேண்டும். எடுத்துக்கொண்டு போகுமுன், விட்டுச்செல்வது என்ன என்று திரும்பிப் பார்ப்பதே துளைத்தவன் கடமை.