கடலில் வீழ்ந்தவனும் கட்டளையும்

கல்முனைக் கரையில் தோணியோட்டும் எவரும், கவிழ்ந்த தோணியொன்றைக் கண்டால், அதிலிருந்தவர் இன்னார் என விசாரித்த பின் உதவச் செல்வதில்லை. கடலோடிகளின் இக்கடமை போர்க்காலத்திலும் நிலைக்குமா என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

அக்கரைக்கு வடக்கே மட்டக்களப்புக் கடலில், 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் யப்பானியக் குண்டுகளால் மூழ்கடிக்கப்பட்டது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து மீட்டுக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. யப்பானிய விமானிகள் அதனைத் தாக்கவில்லை. மருத்துவக் கப்பல்களைத் தாக்கலாகாது என 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்திருந்தது. சமரின் பின் கடலில் தத்தளிப்போரைத் தேடுமாறும் அது இரு தரப்பாரையும் பணித்தது; ஆயின், இராணுவ நலன் இடந்தருமளவிற்கு என்றொரு வரம்பும் அதனோடு ஒட்டியிருந்தது. அறம் வழுக்கும் இடம் அதுவே.

அவ்வாண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி இரவு, மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பால், ஹார்ட்டென்ஸ்டைன் என்பாரின் தலைமையிலான ஜேர்மன் நீர்மூழ்கியான யூ-156, லக்கோனியா என்னும் பிரித்தானியக் கப்பலைத் தாக்கி அமிழ்த்தியது. அதிற் சென்றோருள் ஏறத்தாழ 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள். தம் நட்பு நாட்டவரின் கூக்குரலைக் கேட்ட பின்னரே அவர் மீட்புப் பணியைத் தொடங்கினார். அக்குரல் கேளாதிருப்பின் தொடங்கியிருப்பாரா? எனினும், தொடங்கிய பின் ஆங்கிலேயர், பெண்டிர், பிள்ளைகள் என வேறுபாடு காட்டவில்லை. உதவ வரும் கப்பலைத் தாக்கேன் என வெளிப்படையான ஆங்கிலத்தில் வானொலியில் அறிவித்தார். 16ஆந் திகதி, செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்த அந்நீர்மூழ்கி மீது அமெரிக்க விமானமொன்று குண்டு வீசியது. மீட்கப்பட்டோரை இறக்கிவிட்டு அவர் நீரில் மூழ்கினார். மறுநாள், மூழ்கிய கப்பலில் உள்ளோரைக் காப்பாற்ற முயலலாகாதென டோனிட்ஸ் ஆணை பிறப்பித்தார்.

ஆபத்து வந்தவிடத்து மீட்பைக் கைவிட்ட தலைவனைக் குறை கூறுதல் எளிதன்று. தன் மாலுமிகளின் உயிரும் அவன் பொறுப்பே. ஆனால், ஆபத்தைக் காணுமுன்பே கைவிடுமாறு பணிக்கும் ஆணை வேறு வகைத்து. நேரிற் கண்டு தீர்மானிக்கும் உரிமையை அது அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. மூர்மன்ஸ்க் நோக்கிச் சென்ற கப்பல்களை ஜேர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடிய வடதுருவக் கடலில், நீரில் வீழ்ந்தவன் நெடுநேரம் உயிர் தரியான். கீழைக் கரையின் வெதுவெதுப்பான நீரிற் போல வேறொரு கப்பல் வரும்வரை மிதக்க அவனுக்கு வழியில்லை. அங்கு, அருகிலிருப்பவன் தூக்காவிடின் தூக்குவதற்கு வேறெவருமில்லை.

1946இல் நூரம்பேர்க் நீதிமன்றம் டோனிட்ஸுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. எனினும், நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியமையை அத்தண்டனைக்கு ஆதாரமாகக் கொள்ளவில்லை. அமெரிக்க நீர்மூழ்கிகளும் பசிபிக்கில் முதல் நாளிலிருந்தே வரையறையற்ற போர் நடத்தியதாக நிமிட்ஸ் அளித்த சான்று அம்மன்றின் முன்னிருந்தது. ஹார்ட்டென்ஸ்டைன் அங்குச் சாட்சி கூற இருக்கவில்லை. 1943 மார்ச்சில் யூ-156 மூழ்கடிக்கப்பட்டபோது அதிலிருந்த எவரும் தப்பவில்லை.