முட்டை ஓய்ந்த கோழிக்கு என்ன கடமை?

வயதான முட்டைக்கோழியைப் பற்றிய அறக்கேள்வி தீவனத் தொட்டியிலேயே தொடங்குகிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது; அந்நேரம் இரைப்பையில் சுண்ணாம்பு தீர்ந்திருந்தால் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓட்டை முடிக்கும். வயது ஏற ஏறக் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறனும் குறைகிறது. அதனால்தான் நாளுக்கு 4 கிராமுக்குக் குறையாத கால்சியமும் வைட்டமின் டி3-யும் தருகிறார்கள். கால்சியத்தில் ஒரு பங்கைப் பொடியாக இல்லாமல், மெல்லக் கரையும் கிளிஞ்சல் துண்டுகளாக மாலையில் வைக்கிறார்கள்.

இந்தக் கவனிப்பு கோழிக்கா, முட்டைக்கா? பண்ணைக் கணக்கில் இரண்டும் ஒன்று; முட்டை நின்றதும் பிரிந்துவிடும். உழைத்து ஓய்ந்த நாயைச் சாகும்வரை பேண வேண்டும் என்றார் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். ஆனால் அவருடைய கவலை நாயைப் பற்றியதல்ல, மனித மனம் மரத்துப்போவதைப் பற்றியது. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இன்னும் நேராகப் பேசுகிறார். வயதான அடிமைகளை விற்ற ரோம அரசியல்வாதி மூத்த கேட்டோவைக் கண்டிக்கும் அவர், கோயில் கட்ட உழைத்த கோவேறு கழுதைக்கு ஏதென்ஸ் மக்கள் பொதுச் செலவில் தீனி போட்டதைச் சொல்கிறார். எலும்பையே கொடுத்த கோழிக்கு அவர் வாதமே பொருந்தும்.

அந்தக் கடமையும் தீவனத்தில்தான் தொடங்கும்: முட்டை நின்ற கோழிக்கு அதே அளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்; அதன் தீவனத்தை மாற்றியாக வேண்டும்.