நோவுக்கு மருந்து, மருந்துக்கு வரம்பு

மதியை மயக்கும் பொருளைத் தடுத்த மார்க்கமே நோயுற்றவனை மருந்து தேடவும் பணித்தது. இவ்விரு கட்டளைகளும் ஒரே மாத்திரையில் வந்து சந்திக்குமானால் நாம் எதைக் கொள்வது?

பாடியிலும் அடுத்துள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் இயந்திரத்தின் முன் நின்று உழைப்போர் பலர். முதுகு நோவு அவர்களுக்குப் புதிதன்று. கடும் நோவுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுள் ஒன்று டிரமடால். இது அபினிச் செடியில் விளைந்ததன்று. ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டு, 1977இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் மூளையில் அபினி தொடும் இடத்தையே இதுவும் தொடுகிறது. நோவை அடக்கும் அதே ஆற்றல் மனிதனை அடிமையாக்கவும் வல்லது. ஆகவே இந்திய அரசு 2014இல் இதனை ‘எச்-1’ அட்டவணையில் வைத்தது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும். 2018 ஏப்ரலில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திற்குள்ளும் இம்மருந்து கொணரப்பட்டது.

‘இன்னும் இறுக்குக’ என்பர் சிலர். அவர்கள் மார்ஃபின் கண்ட கதியை எண்ணிப் பார்க்கட்டும். 1985 சட்டத்திற்குப் பின், பல உரிமங்கள் பெறும் தொல்லைக்கு அஞ்சி மருத்துவமனைகள் அதனை வைத்திருக்கவே தயங்கின. புற்றுநோயாளர் துடித்தனர். விதிகளை எளிதாக்கும் சட்டத்திருத்தம் 2014இல்தான் வந்தது. கள்வனுக்கென்று செய்த பூட்டு இருபத்தொன்பது ஆண்டுகள் நோயாளியின் வாயிலில் தொங்கியது!

ஃபிக்ஹுக் கலை இங்கே வழி காட்டுகிறது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஒரு விதி. அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பது அதன் இணை விதி. முன்னதை மட்டும் பற்றுவோன் போதைக்கு வாசல் திறக்கிறான். பின்னதை மட்டும் பற்றுவோன் நோயாளிக்கு அநீதி இழைக்கிறான். எளிய மருந்தே போதுமானவனுக்கு நிர்ப்பந்தம் இல்லை. அது போதாதவனுக்கு மறுப்பது பேணுதலும் ஆகாது.

இவ்விரண்டும் கைகோத்து நிற்க வேண்டிய இடம் மருந்துக்கடை. ஒவ்வோர் இரவும் அங்கே அதிகாரி வந்து நிற்கமாட்டார். சீட்டின்றிக் கேட்கும் இளைஞனுக்கு ‘இல்லை’ என்பதும், முறையான சீட்டோடு வரும் நோயாளியின் மகனைக் குற்றவாளிபோல் நோக்காதிருப்பதும் ஒரே அமானத்தின் இரு பகுதிகள். பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு சாட்சியம். அதனை அரசு மூன்றாண்டு கேட்கும். அல்லாஹ் மறுமையிலும் கேட்பான்.