வந்தியின் பங்கு



பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை அறியாதவர் நம்மில் இல்லை. வைகை கரையை உடைத்துக்கொண்டு மதுரைக்குள் வந்தபோது, பாண்டியன் அந்தக் கரையை அளந்து குடிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கோ ஆளும் இல்லை, பொருளும் இல்லை. சொக்கநாதப் பெருமான் தாமே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு அவள் பங்கை ஏற்றார்.

இக்கதையில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பங்குகள் பல, கரை ஒன்று. ஒரு பங்கு அடைபடாமல் நின்றால், தன் பங்கை ஒழுங்காக அடைத்தவன் வீட்டிலும் வெள்ளம் புகும்.

இன்று நமக்கு வைகைக் கரை இல்லை. ஆனால் பின்வளவில் பொதுச்சுவர் இருக்கிறது. லண்டனில் நம்மவர் பலர் வாழும் வரிசை வீடுகள் நூறாண்டு கடந்தவை. அவற்றின் தோட்டச் சுவர்களும் அப்படியே. கற்களுக்கிடையே உள்ள சாந்து மழையிலும் உறைபனியிலும் உதிர்கிறது. களிமண் நிலம் கோடையில் சுருங்கி மாரியில் ஊதுகிறது. மரவேர் அத்திவாரத்தைத் தூக்குகிறது. ஒரு பக்கத்தில் மண்ணைக் குவித்து வைத்தால் அதன் பாரம் சுவரை மறுபக்கம் தள்ளுகிறது. சுவர் சாய்வதும், மேற்கல் ஆடுவதும், நீளமாக வெடிப்பதும் அது நமக்குத் தரும் எச்சரிக்கைகள். அந்தச் சுவரின் இருபுறமும் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? "அவர்கள் முதலில் வந்து கேட்கட்டும்" என்று இருக்கிறோம். அடுத்த வீட்டாரும் அதையே சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். ஊரில் ஒரு கதியால் அரையடி தள்ளி நடப்பட்டதற்காகத் தலைமுறையாகப் பேசாமல் இருந்த குடும்பங்களை நாம் அறிவோம். எல்லை வழக்குக்காகக் காணியையே விற்றவர்களும் உண்டு. கடல் கடந்து வந்த நாம் அந்த வேலிச் சண்டையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை.

இந்நாட்டின் ஒழுங்கையும் அறிந்திருப்பது நல்லது. சுவர் யாருடையது என்பதை முதலில் வீட்டு உறுதியில் பார்க்க வேண்டும். இடப்பக்கத்து வேலி எப்போதும் நம்முடையது என்று பலர் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. சுவர் இருவர் நிலத்திலும் நின்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'பார்ட்டி வோல் அக்ட்' எனப்படும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தும். மரவேலிக்கு அது பொருந்தாது. பொதுச்சுவரை இடித்துக் கட்டவோ பெரிதாகப் பழுதுபார்க்கவோ விரும்புபவர், வேலை தொடங்க இரண்டு மாதம் முன்னதாக அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அயலவர் எழுத்தில் சம்மதித்தால் அதற்கு முன்னரும் தொடங்கலாம். 14 நாட்களுக்குள் அவர் பதில் தராவிட்டால், பிணக்கு உண்டு என்றே சட்டம் கொள்ளும். பிறகு சர்வேயர் வந்து தீர்க்க வேண்டிவரும். அவருக்கான பணமும் சேரும். பழுதுச் செலவை, அவரவர் சுவரைப் பயன்படுத்தும் அளவையும் பழுதுக்கு அவரவர் பொறுப்பையும் பார்த்துப் பங்கிடுவார்கள்.

ஆகவே அப்படி ஒரு கடிதம் வந்தால், நம்மை நீதிமன்றத்துக்கு இழுக்கிறார்கள் என்று கோபித்து அலுமாரிக்குள் போட்டுவிடக் கூடாது. அது வழக்கு அல்ல. சட்டம் கேட்கும் மரியாதை. நாம் எழுதுபவராக இருந்தால், கடிதத்துக்கு முன்னர் நேரில் போய்க் கதவைத் தட்டுவோம். "உங்கள் சுவர் விழப்போகிறது" என்று தொடங்காமல், "நம்முடைய சுவரை ஒருமுறை சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்போம். இரண்டு மூன்று பில்டர்மாரிடம் விலை எழுதி வாங்கி, அயலவருக்கும் காட்டுவோம். சுவர் இன்றோ நாளையோ விழும் நிலையில் இருந்தால் பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை அப்பக்கம் விடாமல், கவுன்சிலின் கட்டிடக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு உடனே அறிவிக்க வேண்டும். ஆபத்தான கட்டுமானத்தில் தலையிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

அடுத்த வீட்டில் ஓய்வூதியத்தில் தனித்து வாழும் ஒரு மூதாட்டி இருந்தால்? அவரும் ஒரு வந்திதான். பாதிப் பணத்தைக் கேட்க நமக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் கரை அடைபட வேண்டும். சிறுகச் சிறுகத் தர இடம் கொடுக்கலாம். முடிந்தால் அவர் பங்கில் ஒரு பகுதியை நாமே தாங்கலாம். இறைவன் அங்கே கூலி கணக்குப் பார்த்தாரா? உதிர்ந்த பிட்டே போதும் என்றார்.

கதையின் முடிவையும் நினைப்போம். வேலை செய்யாத கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன்மேலும் பட்டது. எல்லா உயிர்மேலும் பட்டது. அதன் பின்னரே பெருமான் ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்தார். அயலவர் பிள்ளைமேல் விழும் கல் நம் பிள்ளைமேல் விழுவதே என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறோம், புலால் நீக்குகிறோம். கொல்லாமை அவ்வளவில் முடிவதில்லை. ஓர் உயிருக்குத் தீங்கு வரக்கூடியதை அறிந்தும் அப்படியே நிற்கவிடாமல் இருப்பதும் கொல்லாமையே.

எனவே அன்பர்களே, அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருமுன், பின்வளவுக்குப் போய் ஒருமுறை சுவரைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அன்றே அயலவரின் கதவைத் தட்டுங்கள். நம் பங்கை நாம் முதலில் எடுப்போம். சொக்கநாதப் பெருமான் திருவருள் நம் வீட்டுக்கும் அயல் வீட்டுக்கும் துணை நிற்பதாக.